உதை போகும் திசை

கரட்டுப்புதூரில் கலாமணி வாங்கிக்கொண்டு வந்த பழைய டர்ட் பைக்கை உதைத்தால் அந்த வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது, ஊரில் நின்றுபோன வேறு ஏதாவது ஒன்று ஸ்டார்ட் ஆகும் என்ற சங்கதி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஊறப்போட்ட அரிசியைக் கையால் அரைப்பதா, கடையில் மாவு வாங்குவதா என்று பக்கத்து வீட்டு ருக்மணி இடுப்பில் கைவைத்து யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தெரியவந்தது. பொங்கலிலிருந்து கெட்டுக் கிடந்த அவளுடைய கிரைண்டர், கரண்ட் இல்லாத நேரம் பார்த்து, வயரைக்கூடச் சொருகாமல், கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. ருக்மணி பயப்படவில்லை. ஓடிப்போய் அரிசியை அள்ளிப் போட்டாள். அரைத்து வழித்த பிறகுதான் பயப்பட்டாள், அதுவும் கொஞ்சம்தான். மாவு நன்றாக இருந்தது.

கலாமணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்தொன்று. விடிகிறதற்கு முன்னால் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாலைச் சேகரித்து, மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு, தென்னந்தோப்பு வரப்பு, வாய்க்கால் மேடு, கல்லுக்குழி, மண்சரிவு என்று எதற்கும் பிரேக்கைத் தொடாமல் பறந்து வந்து பால் சொசைட்டி வாசலில் இறக்குவாள். மூடியைத் திறந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. அப்படிப்பட்டவள், வறண்டு கிடக்கும் குளத்துக்குள் மண்ணைக் குவித்து வண்டிப் பந்தயம் விடப்போகிறார்கள், இந்த வருஷம் பெண்களுக்கும் தனிப் போட்டி உண்டு என்று சுவரொட்டியில் பார்த்ததும் அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். மொபெட் ஆகாது, டர்ட் பைக்தான் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் வண்டி ஓடுகிற நிலையில் குளத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். பந்தயத்தில் ஓடாவிட்டால் உயிர் போய்விடாது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக இருட்டில் யாரும் பார்க்காமல் தாண்டிய மேட்டையெல்லாம் ஒரே ஒரு நாள் வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்கத் தாண்டிவிட வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதனால் கழுத்துச் சங்கிலியை விற்றாள். டவுனுக்குப் போய், இரண்டு மூன்று கை மாறின ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியை, முள்ளு முள்ளாக டயரும் தூக்கிக் கட்டின சைலன்சருமாக, ஓசியில் கொடுத்த ஒரு ஹெல்மெட்டோடு சேர்த்து சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். விற்றவன் காலையில் மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்றான். யோக்கியன்தான். மத்தியானமும் சாயங்காலமும்கூட அடம் பிடிக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

மகள் வண்டியோடும் வெறும் கழுத்தோடும் வந்து நின்றதை வாசலில் நின்று பார்த்தாள் அம்மா மயிலாத்தாள். மகள் கல்யாணத்துக்கு என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய சங்கிலி அது. மயிலாத்தாள் பேச ஆரம்பித்தால், ஊருக்குள் மினி பஸ் ஓடின காலத்தில் அதன் டிரைவர்கூட ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார், அப்பேர்ப்பட்ட பேச்சுக்காரி. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது இருந்தால் வாசலில் கட்டியிருந்த செவலை ஆட்டிடம் சொன்னாள். செவலி, சோறு ஆறுதுன்னு அந்த வண்டிக்காரிகிட்டச் சொல்லு என்பாள். கலாமணி மட்டும் லேசுப்பட்டவளா? செவலி, வண்டிக்காரிக்குப் பசியில்லைன்னு சொல்லு என்பாள். ஆடு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தழையை மென்றது. ஓசி ஹெல்மெட்டை மயிலாத்தாள் கவிழ்த்துப் பார்த்து, ஆழம் சரியாக இருந்ததால் சின்ன வெங்காயம் போட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டாள்.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, வீட்டுக்கு வந்தது எதுவானாலும் பொட்டு வைத்துத்தானே ஆக வேண்டும்? மறுநாள் விடிகாலையில் மயிலாத்தாள் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, முன் டயருக்குக் கீழே ஒன்று பின் டயருக்குக் கீழே ஒன்று என்று எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி முதல் அடி எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். கலாமணி ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைத்தாள். உதைத்தாள், உதைத்தாள், வேர்த்து ஒழுகுகிற வரைக்கும் உதைத்தாள். வண்டி ஒரு தடவை இருமக்கூட இல்லை.

ஒர்க்‌ஷாப் ஜாபர் பாய் வந்தார். இந்த வட்டாரத்தில் நான் தொட்டு ஓடாத வண்டி இல்லை என்று வந்ததுமே சொன்னார். அதை அவர் எல்லா வீட்டிலும் சொல்வார். பிளக்கைக் கழற்றித் துடைத்து எஞ்சினில் ஒட்டிவைத்து உதைக்கச் சொன்னார், நீலமாகப் பொறி பறந்தது. கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினார். ஆயில் கலந்தது கூடிப்போயிருக்கும் என்று டேங்கைக் காலிசெய்து புதிதாக அளந்து கலந்து ஊற்றினார். சைலன்சருக்குள் கம்பியை விட்டுக் குத்தினார், குளவிக்கூடு வந்தது, கூடவே குளவியும் வந்தது, கொஞ்ச நேரம் வேலை நின்றது. கிக்கரை அழுத்தினால் காற்று திமிறியது, அமுக்கம் ஜோராக இருந்தது. பொறி இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, காற்று போகிறது, எல்லாம் இருக்கிறது, வண்டி மட்டும் ஓடவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, இறக்கத்தில் தள்ளி ரெண்டாவது கியரில் விட்டால் பிடித்துக்கொள்ளும், இதெல்லாம் அப்படித்தான் என்றார். வீட்டு வாசலிலிருந்து குளம் வரைக்கும் ஒரே இறக்கம்தான்.

அப்போதுதான் மயிலாத்தாள் வெளியே வந்து ஆட்டுக்கு முன்னால் நின்றாள். "செவலி, வண்டி பழத்த அதோட சொந்தப் பலத்துல ஏறி நசுக்கோணும்னு சொல்லு. தள்ளிக்கிட்டுப் போயி நசுக்குனா அது வண்டி இல்ல, தள்ளுவண்டி. குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லு."

ஜாபர் பாய்க்கே அது நியாயமாகப் பட்டது. ஊருக்கும் நியாயமாகப் பட்டது. கலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு, சரின்னு சொல்லு செவலி என்றாள். பழத்தை முட்டிக்கொண்டு வண்டி நின்றது நின்றபடி நின்றது, அவள் தினமும் பால் இறக்கிவிட்டு வந்து உதைத்தாள், உதைத்த உதையெல்லாம் எங்கேயோ போயிற்று.

எங்கே போயிற்று என்பதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை ருக்மணியின் கிரைண்டரில் தெரிந்தது. அன்றைக்கே கலாமணி ஹேண்டில்பாரை வலது பக்கம் ஒடித்துவைத்து உதைக்க, வலது பக்கம் இருந்த ஊராட்சித் தலைவர் துரைசாமியின் தோப்பில், இரண்டு கோடையாகப் புழுதி கக்கின போர் மோட்டார் போடாமலே தண்ணீர் கக்கியது. நேராக வைத்து உதைத்தபோது, முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வகையறா முட்டிக்கொண்டு நின்றுபோயிருந்த மாரியம்மன் நோம்பித் திருவிழா கிளம்பியது. கோயில் அறைக்குள் மேளம் தானாக அதிர்ந்தது, ஒருத்தரை ஒருத்தர் முகம் பார்க்காத பங்காளிகள் வேப்பிலைத் தோரணத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், எப்படிப் பிடித்தோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. தடத்தை நிறுத்திவிட்டுப் போன மினி பஸ் ஊருக்குள் வந்து நின்றது. ஏன் வந்தேன்னு எனக்கே தெரியலீங்க, வந்துட்டேன், ஏறுங்க என்றார் டிரைவர். ஏறிக்கொண்டார்கள்.

ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஹேண்டில்பார் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைக்கு உதை போகிறது. எப்படி, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தது யார் வீட்டுக்கு என்றுதான் கேட்டார்கள். பால் இறக்கிவிட்டுக் கலாமணி வருவதற்குள் வாசலில் கூட்டம் நிற்கும், அடை காக்க மறந்த கோழியோடு ஒருத்தர், ஓடாத சுவர்க்கடிகாரத்தோடு ஒருத்தர், பால் வற்றின எருமையை ஓட்டிக்கொண்டு ஒருத்தர். ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் கொஞ்சம், அம்மிணி, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவார்கள். அவளுடைய வலது காலுக்கு விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள், முட்டை கொண்டுவந்தார்கள், அந்தக் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று வழியில் பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, காலைத்தான் கேட்டார்கள்.

ஆனால் உதைக்கு நல்லது கெட்டது தெரியாது. நின்றது எதுவானாலும் கிளப்பிவிடும். இடது பக்கத்தில் ஒருவருடைய குறட்டை எட்டு வருஷம் கழித்துக் கிளம்பியதில் அவர் மனைவி தலையணையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். முடிந்துபோன வரப்புத் தகராறு ஒன்று விட்ட வார்த்தையிலிருந்து அப்படியே தொடர்ந்தது. எல்லாவற்றையும்விட, மாலை போட்டுக் குடியை நிறுத்தியிருந்த மூன்று பேர் ஒரே உதையில் கடையைப் பார்த்து நடந்துவிட, அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து கலாமணியின் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். பஞ்சாயத்து கூடியது. கலாமணி உதைக்கிற நேரத்தில் குடியை நிறுத்தினவர்கள் எல்லோரும் உதை போகாத பின்வீதியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது.

பின்வீதி என்றால் கலாமணி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வீதி. வண்டி வீட்டு வாசலில் முன்வீதியைப் பார்த்து நின்றது. ஹேண்டில்பாரை எவ்வளவு ஒடித்தாலும் இடமும் வலமும்தான் போகும், பின்னால் போகாது. ஆகவே பின்வீதிக்கு ஒரு கிரைண்டர் சுற்றவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, வந்ததெல்லாம் குடியை நிறுத்தின ஆட்கள்தான். காலையில் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு டீ கேட்டு, பழைய ஞாபகத்தையெல்லாம் பேசிவிட்டுப் போனார்கள். தையல்கடை சரோஜா பின்வீதிக்காரி, அவளுடைய மிஷின் நின்று இரண்டு மாசம். அவள்தான் கொடி பிடித்தாள். வண்டியைத் திருப்பு என்றாள். முன்வீதிப் பெண்கள், திருப்பினால் எங்கள் ஆம்பளைகளெல்லாம் குடிக்கப் போய்விடுவார்கள், திருப்பாதே என்றார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றார்கள், ஜாபர் பாய் அந்த வண்டியைத் தொடக்கூடாது. அவர் ஸ்பானரோடு வந்தால் இரண்டு வீதிக்காரர்களும் சேர்ந்து டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாளில் அவர் குடித்த டீக்கு அவர் வயிறே கெட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. ஊரே ஓடுகிறது, கலாமணியின் வண்டி மட்டும் நிற்கிறது. குளத்தில் மண்மேடு குவிக்கிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. இதையெல்லாம் சொல்லி அழ ஒரே ஓர் ஆள்தான் உண்டு, அந்த ஆள் அடுப்படியில் ஹெல்மெட்டிலிருந்து வெங்காயம் எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் பால் கேனோடு வீட்டுக்குள் நுழையும்போதே திட்டு ஆரம்பிக்கும், தலையை வாரு, செருப்பை அங்கே விடாதே, ஏன் இவ்வளவு வேகம் என்று. அந்தத் திட்டு இல்லாத வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை ஆட்டிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பால் இறக்கிவிட்டு வருவதற்குள் சரோஜா நாலு ஆட்களோடு வந்து வேலையை முடித்துவிட்டாள். முறை தெரிந்த பெண்தான். டயரைத் தரையில் உருட்டவில்லை. நாலு பேரும் வண்டியை அலாக்காகத் தூக்க, சரோஜா இரண்டு பழத்தையும் கையில் எடுத்துக்கொள்ள, வண்டியை வீட்டைப் பார்க்கத் திருப்பிப் பதமாக இறக்கி, பழத்தைத் திரும்ப அதே மாதிரி டயருக்கு அடியில் ஒட்டி வைத்தார்கள். முன்வீதிப் பெண்கள் ஓடிவந்தார்கள். பின்வீதியில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். சத்தம் கேட்டு, வெங்காயம் உரித்த கையோடு மயிலாத்தாள் வாசல்படிக்கு வந்து நின்றாள்.

கலாமணி யாரோடும் சண்டை போடவில்லை. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. எந்தத் திசையாக இருந்தால் என்ன, கடைசியாக ஒன்று உதைத்துப் பார்த்துவிடுவோம் என்று ஏறினாள், வீங்கின காலைத் தூக்கினாள், இத்தனை நாள் வயிற்றெரிச்சலையும் சேர்த்து ஓங்கி ஓர் உதை உதைத்தாள்.

உதை பின்வீதிக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் வாசல்படியில் நின்றவள் மேல் முழுசும் இறங்கிவிட்டது.

"ஏண்டி" என்றாள் மயிலாத்தாள். ஆட்டைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். அவ்வளவுதான், மடை உடைந்தது. ஏண்டி கால் இப்படி வீங்கிக் கிடக்கிறதே, ஊரான் கொடுத்த எண்ணெயைத் தடவினாயே, நம் வீட்டில் எண்ணெய் இல்லையா என்று ஆரம்பித்து, ஆறிப்போன சோறு அத்தனையையும், சங்கிலி வாங்கின கடையையும், அந்தக் கடைக்குப் போன அன்றைக்குப் பெய்த மழையையும், சீவாத தலையையும் வாசலில் விட்ட செருப்பையும் ஒன்று விடாமல் சொல்லி, மூச்சு வாங்க நிறுத்தி, மணி என்னடி ஆச்சு, குளத்துக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

"வண்டி ஓடலையே அம்மா" என்றாள் கலாமணி.

"பாயி அன்னைக்கே சொன்னாருல்ல, தள்ளோணும்னு?"

"நீதான பழத்த அதாவே நசுக்கோணும்னு சொன்ன!"

"ஆமா, சொன்னேன். கோவத்துல ஆட்டுகிட்டச் சொன்னேன். அதப் போயி இத்தன நாளாக் கட்டிக்கிட்டு அழுவியா? என்கிட்ட வந்து, ஏம்மா தள்ளட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"நீதான் என்கிட்டப் பேசவே இல்லையே."

"நீ பேசுனியாடி?"

கலாமணி பேசவில்லைதான். ஒரு தடவைகூடப் பேசவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல ஆட்டைப் பார்த்தார்கள். அது வாயில் தழையோடு மெல்லுவதை நிறுத்தி நின்றது.

மயிலாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். திருப்புங்கடா வண்டியை என்று அந்த நாலு பேரையும் அதட்டினாள். ஏனுங்க அக்கா, எங்க வீதிக்கு ஓர் உதைகூட வரலையே என்று சரோஜா கேட்க, உன்ற மிஷினுக்கு நான் வந்து எண்ணெய் போட்டுத் தாரேன், எண்ணெய் போட்டு எத்தனை மாசமாச்சு என்று திருப்பிக் கேட்டாள். சரோஜா யோசித்தாள். மிஷின் வாங்கின நாளிலிருந்தே போடவில்லை. நாலு பேரும் வண்டியை மறுபடி தூக்கிக் குளத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். காய்ந்து கல்லாகிக் கிடந்த பழங்களை மயிலாத்தாளே தன் கையால் டயருக்குக் கீழே வைத்து, பின்னால் போய் வண்டியைப் பிடித்தாள். அவள் தள்ள, சரோஜா தள்ள, முன்வீதியும் பின்வீதியும் தள்ள, தகவல் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஜாபர் பாய் ரெண்டாவது கியர், ரெண்டாவது கியர் என்று கத்த, டயருக்குக் கீழே பழம் இரண்டும் படார் படார் என்று உடைந்தன. இறக்கத்தில் வண்டி வேகமெடுத்ததும் கலாமணி கிளட்சை விட்டாள். வண்டி ஒரு திமிறு திமிறி, ஒரு தெருவையே மறைக்கிற புகையைக் கக்கி, பட்பட்டென்று பிடித்துக்கொண்டது.

ஊர் ஒரு நிமிஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. பின்வீதி ஆம்பளைகள் கண்ணைத் திறந்து, தாகம் எடுக்கிறதா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு, எடுக்கவில்லை என்றதும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

மயிலாத்தாள் மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்குள் ஓடினாள், ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள், தெருவெல்லாம் வெங்காயம் உருள அதைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் ஓடிவந்தாள். நில்லுடி, மண்டையில ஒண்ணும் இல்லாமப் போறியே, நில்லுடி. கலாமணிக்குக் கேட்டது. நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ, அந்தப் பயம். ஆகையால் கோயில் திடலில் வண்டியை ஒடித்து அம்மாவைச் சுற்றிவந்தாள். நடுவில் மயிலாத்தாள், அவளைச் சுற்றிப் புகை, புகைக்கு வெளியே மகள். மயிலாத்தாள் நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று, விட்டுப்போன திட்டையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் ஹெல்மெட்டை மகளின் தலையில் கவிழ்த்துவிட்டாள். அடுத்த சுற்றில் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. கூடவே ஓடிக்கொண்டு, தாடைக்குக் கீழே வாரைத் தேடி இழுத்தாள். இழுக்கும்போது அவள் விரல் அந்த வெறும் கழுத்தில் பட்டது. கலாமணி அழுதாள்; ஹெல்மெட்டுக்குள் வெங்காய நெடி ஆளைத் தூக்கியது, ஆனால் அதனால் இல்லை.

மயிலாத்தாள் வாரின் கொக்கியைப் போட்டுவிட்டு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"செரி, கழுத்துல இதாச்சும் இருக்கட்டும்" என்றாள். "பொறுப்பாத் தாண்டு. பால் கேன் இருக்குன்னு நெனச்சுக்கோ."

வண்டி குளத்தைப் பார்த்துத் திரும்பியது. மயிலாத்தாள் பேசிக்கொண்டே பின்னால் நடந்தாள்.